தோலின் மதிப்பை உயர்த்திய டாக்டர் நாயுடம்மா

வெள்ளி விழாக் காணும் நம் கல்விச் சங்கத்தின் மலரில் பெரியோர் பலரின் வாழ்க்கை வரலாறுகள் இடம்பெறுகின்றன. அவற்றுள் இஃது ஒன்று மட்டும் சற்றே வேறுபட்டுத் தோன்றலாம். அண்ணல் அம்பேத்கர், இரட்டைமலை சீனிவாசன், எம். சி. இராஜா ஆகியோர் நம் மக்களின் உரிமைக்காக வாதாடியவர்கள். டாக்டர் ஒய். நாயுடம்மா ஒரு விஞ்ஞானி. நம் மாவட்டத்தினரும் அல்லர். நம் சமூகத்தினரும் அல்லர். ஆயினும், எந்தப் பொருளைத் தொட்ட காரணத்தால் நம் முன்னோர் ஊருக்குப் புறத்தே நிறுத்தப்பட்டனரோ, அந்தப் பொருளையே தமது படிப்பாகவும் பட்டமாகவும் கொண்டு உலக விஞ்ஞானிகளின் அவையில் அமர்ந்தவர் அவர். நம் பிள்ளைகள் அவரை அறிந்திருத்தல் வேண்டும் என்று கருதியே இவ்வரலாற்றை எழுதப் புகுந்தோம்.

ஆந்திர நாட்டில் குண்டூர் மாவட்டம் தெனாலிக்கு அருகே ஏலவர்ரு என்னும் சிற்றூரில், 1922ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 10ஆம் நாள், வேளாண் குடும்பமொன்றில் அவர் பிறந்தார். வேளாங்கண்ணித் திருவிழா செப்டம்பர் 8ஆம் நாள் நிறைவுறுகிறது அன்றோ? அதற்கு இரண்டு நாள் கழித்து என்று நினைவிற்கொள்ளலாம். ஏலவர்த்தி என்பது குடும்பப் பெயர். நாயுடம்மா என்னும் பெயரைக் கேட்டவுடன் பெண்பாற் பெயர் என மயங்குவோர் நம்மிடையே பலர். தெலுங்கு நாட்டில் ஆடவருக்கும் இப்பெயர் வழங்குவதுண்டு. தெனாலிப் பகுதி கிருஷ்ணா நதியின் கழிமுகம். காவிரியின் கடைமடையில் வாழும் நமக்கு அந்நிலத்தின் தோற்றம் புதிதன்று. வாய்க்கால், வரப்பு, நாற்றங்கால், உழவு மாடு ஆகிய இவையே அங்கும். உழவு மாடு இருந்த ஊரிலெல்லாம் தோலும் இருந்தது. அத்தோலை உரிப்பதற்கென்று ஒரு சேரியும் இருந்தது.

குண்டூரில் கல்லூரிப் படிப்பைத் தொடங்கிய நாயுடம்மா, பின்னர்க் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் தொழில்முறை இரசாயனம் பயின்று பட்டம் பெற்றார். அக்காலத்தில் அப்படிப்பை முடித்தவர்க்குச் சர்க்கரை ஆலை, சோப்புத் தொழிற்சாலை, மருந்துக் கம்பெனி எனப் பல கதவுகள் திறந்திருந்தன. அவரோ சென்னைக்கு வந்து தோல் தொழில்நுட்பப் பயிற்சி நிலையத்தில் சேர்ந்தார். காசியிலே கல்வி கற்ற ஒருவர் மாட்டுத்தோலைத் தம் வாழ்நாட் பணியாகத் தேர்ந்துகொண்டதை இன்றைய இளைஞர் பெரிதாக எண்ணமாட்டார்கள். நம் வயதினருக்கும் நமக்கு மூத்தோருக்கும் அதன் பொருள் நன்கு விளங்கும்.

இத்தஞ்சைத் தரணியில் மிராசுதாரர் வீட்டு மாடு இறந்துபட்டால் அதனை இழுத்துச் செல்லும் கடமை யாருடையது என்பதை விளக்க வேண்டியதில்லை. அது கூலி வேலையாகக் கருதப்படவில்லை. பிறப்பால் வந்த ஊழியமாகவே கருதப்பட்டது. மறுத்தால் தண்டனை, செய்தால் தீட்டு. ஆனால் அவ்வூழியத்தினுள்ளே ஒரு கல்வி மறைந்திருந்தது. சதையிற் கத்தி படாமல் தோலை உரிப்பது, அழுகுமுன் உப்பிடுவது, சுண்ணாம்பிலிட்டு மயிர் நீக்குவது, பட்டை நீரில் ஊறவைப்பது, எண்ணெயூட்டி மிருதுவாக்குவது ஆகிய இவை ஒவ்வொன்றும் நுண்ணிய இரசாயன அறிவு. எழுத்தறிவு மறுக்கப்பட்ட மக்கள் இவ்வறிவைக் கையாலும் மூக்காலும் நாவாலும் காத்து வந்தனர். பட்டைநீரின் உறைப்பை நாவில் வைத்துப் பார்த்தே அறிந்த முதியோர் இருந்தனர்.

இங்கே விஞ்ஞானத்தைச் சிறிது விரித்துரைக்க வேண்டும். நாம் பி.ஏ. பட்டம் பெற்று வரலாறு கற்பித்தவர்கள். இரசாயனம் நமக்குரிய பாடம் அன்று. ஆதலின் நம் பள்ளியின் இரசாயன ஆசிரியர் அருகிருந்து திருத்தித் தந்தவாறே எழுதுகிறோம்.

பறையிலிருந்து தொடங்குவோம். வேப்பமரச் சட்டத்தில், புளியங்கொட்டைப் பசை தடவி, கன்றின் தோலை இழுத்து ஒட்டுகின்றனர். அத்தோல் பதனிடப்பட்ட தோல் அன்று. காய்ந்த பச்சைத் தோலேயாகும். அடிப்பதற்கு முன்பு வைக்கோல் கொளுத்தி அதனைக் காய்ச்சுகின்றனர். ஏன்? கடற்காற்று வீசும் நம் பகுதியில், மார்கழிப் பனியில், தோல் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சித் தளர்ந்துவிடுகிறது. ஒலி மழுங்குகிறது. நெருப்பின் வெம்மை ஈரத்தை வெளியேற்றியவுடன் தோல் விறைத்து, ஒலி கணீரென எழுகிறது. அளவுக்கு மீறிக் காய்ச்சினாலோ தோல் சுருங்கிக் கிழிந்துபோகும். ஆக, ஒரே தோலைத் தளர்த்துவதும் இறுக்குவதும் தண்ணீர் என்னும் மிகச் சிறிய பொருளே.

அதன் சிறுமையை எண்ணால் உணரலாம். தோலின் பெரும்பகுதி கொல்லாஜன் என்னும் புரதம். அதன் மூலக்கூறு எடை ஏறத்தாழ 3,00,000. தண்ணீரின் மூலக்கூறு எடையோ 18 மட்டுமே. பெரிய இழைகளின் இடையே இச்சிறு துளிகள் புகுந்து நிற்கும்போது இழைகள் ஒன்றன்மீது ஒன்று வழுக்கிச் செல்கின்றன, தோல் வளைகிறது. துளிகள் வெளியேறினால் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பலகைபோல் விறைக்கின்றன. பொருள்களின் வலிமை, வளைவு, கிழியாமை ஆகிய பண்புகளை மாற்றுவதற்குப் பொருளையே மாற்ற வேண்டுவதில்லை. இடையே புகக்கூடிய சிறு மூலக்கூறு ஒன்றைக் கண்டறிந்தால் போதும். தோல் பதனிடும் கலை முழுவதும் இந்த ஒரு செய்தியின்மேல் நிற்கிறது.

அடுத்தது உப்பு. வேதாரணியத்து உப்பளங்களை நம் பிள்ளைகள் அறிவர். உரித்த தோலின் எடையில் ஏறக்குறையப் பாதியளவுக்கு உப்பைத் தேய்த்து வைத்தால், அது நீரை இழுத்து வெளியேற்றி அழுகலைத் தடுக்கிறது. எனினும் உப்பு இழையோடு உறவு கொள்வதில்லை. கழுவியவுடன் போய்விடும், தோல் மீண்டும் பச்சைத் தோலே. காத்தல் வேறு, பதனிடுதல் வேறு.

பதனிடுதல் என்றால் என்ன? ஆவாரம்பட்டை, கொன்றைப்பட்டை, வேலம்பட்டை, கடுக்காய் ஆகியவற்றில் டேனின் எனப்படும் துவர்ப்புப் பொருள் உண்டு. அதன் மூலக்கூறு எடை பெரும்பாலும் 500 முதல் 3,000 வரை. இவ்வெல்லைகளில் ஓர் அரிய உண்மை அடங்கியுள்ளது. 500க்கும் குறைந்த பொருள் இழைகளுக்கிடையே எளிதிற் புகும். ஆனால் இரண்டு இழைகளையும் ஒருங்கே பற்றிக்கொள்ளப் போதிய கைகள் அதற்கு இல்லை. 3,000க்கும் மிகுந்த பொருளுக்குக் கைகள் பலவுண்டு. ஆனால் தோலுக்குள் நுழைய வழியில்லை. நடுத்தரமானதே உட்புகுந்து இழைகளை இணைக்கிறது. அவ்வாறு இணைந்த தோல் நீரில் ஊறினாலும் அழுகாது, காய்ந்தாலும் பலகையாகாது.

முதலிலேயே உறைப்பான பட்டைநீரில் இட்டால் தோலின் மேற்புறம் மட்டும் இறுகி உட்புறம் பச்சையாக நின்றுவிடும். அதனால் தோலைப் பழைய, சாரம் குறைந்த தொட்டியில் முதலிலிட்டுப் படிப்படியாகப் புதிய தொட்டிக்கு மாற்றுவது வழக்கம். மூலக்கூறு என்ற சொல்லைக் கேட்டறியாத நம் பாட்டன்மார் இதனை வழுவாமற் செய்தனர். அவர்கள் பெயர் எந்த நூலிலும் இல்லை. இவ்வாறு பதனிட்ட சென்னை மாகாணத்துத் தோல் கிழக்கிந்தியத் தோல் என்னும் பெயரால் இலண்டன் சந்தையில் விலைபோயிற்று. பெயர் கிழக்கிந்தியாவினுடையது, இலாபம் ஏற்றுமதி வணிகருடையது, சுண்ணாம்புத் தொட்டியில் வெந்த கால் யாருடையது என்பதை வணிகக் கணக்கேடுகள் குறிக்கவில்லை.

பட்டையால் பதனிடுவதற்கு வாரக்கணக்கில் ஆகும். 1884இல் அமெரிக்காவில் அகஸ்டஸ் ஷுல்ட்ஸ் என்பவர் குரோமிய உப்புகளால் தோலைப் பதனிடும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். ஒரு நாளில் முடியும் வேலையாயிற்று அது. குரோமியம் கொல்லாஜனிலுள்ள அமிலக் கிளைகளைப் பற்றிக்கொண்டு பக்கத்து இழைகளைப் பிணைக்கிறது. பச்சைத் தோல் சுமார் 60 முதல் 65 பாகை வெந்நீரில் சுருங்கிப்போகும். குரோமியமிட்ட தோல் கொதிநீரையும் தாங்கும். இத்தனைக்கும், முடிந்த தோலில் குரோமிய ஆக்சைடு நூற்றுக்குச் சுமார் நான்கு பங்குதான். சோற்றில் இட்ட உப்பளவு என்று சொல்லலாம். ஆனால் பொருளின் குணமே வேறாகிவிடுகிறது.

சென்னை மாகாணத்தில் இம்முறையை 1903இல் சோதனையாகத் தொடங்கியவர் ஆல்பிரட் சாட்டர்டன் என்னும் ஆங்கிலப் பொறியியலார். அவர் முதலிற் கருதியது சீமான்களின் காலணியை அன்று. கவலையிற் கட்டும் தோற்பையை. பட்டையிட்ட தோல் கிணற்று நீரில் நாள்தோறும் மூழ்கி எழுந்து விரைவில் இற்றுப்போயிற்று. குரோமியத் தோல் அதனினும் நெடுநாள் உழைத்தது. ஆற்றுப் பாசனத்தால் வாழும் நமக்குக் கவலை அவ்வளவு பழக்கமில்லை. மேற்கு மாவட்டங்களிற் பெண் கொடுத்தவர்களும் எடுத்தவர்களும் அறிவர்.

நாயுடம்மா தோல் துறைக்கு வந்தபோது நிலைமை இவ்வாறு இருந்தது. ஒரு பக்கம் எழுதப்படாத பழைய அறிவு. மறுபக்கம் அயல்நாட்டாரின் புதிய இரசாயனம். இரண்டுக்கும் இடையே உரையாடலே இல்லை. அவர் இங்கிலாந்து சென்று பயின்று, பின்பு அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்து லீஹை பல்கலைக்கழகத்தில் தோற்பதனிடும் இரசாயனத்தை ஆராய்ந்து டாக்டர் பட்டம் பெற்றார். 1950களின் தொடக்கத்தில் தாயகம் திரும்பினார்.

அப்போது சென்னை அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் உருவாகிக்கொண்டிருந்தது. 1948ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆம் நாள் அதற்கு அடிக்கல் நாட்டியவர் மத்திய தொழில் அமைச்சர் சியாம பிரசாத் முகர்ஜி. முதல் இயக்குநராகக் கல்கத்தாவைச் சேர்ந்த பி. எம். தாஸ் பொறுப்பேற்றார். அதே நிலையத்தில் விஞ்ஞானியாகச் சேர்ந்த நாயுடம்மா 1958இல், நாற்பது வயது நிரம்புமுன்னரே, இயக்குநரானார்.

அந்நிலையத்தின் அருகிலேயே சென்னைப் பல்கலைக்கழகத்தின் பௌதிகத் துறை இருந்தது. அங்கே 1952இல் தலைமைப் பேராசிரியராக வந்தவர் ஜி. என். இராமச்சந்திரன். கொல்லாஜனின் உருவமைப்பை யாரும் அறியாதிருந்த காலம் அது. தோல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து கொல்லாஜன் மாதிரிகளைப் பெற்று, எக்ஸ்-கதிர்ப் படங்களை ஆராய்ந்து, கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து 1954இல் அதன் அமைப்பை அவர் வெளியிட்டார். மூன்று இழைகள் ஒன்றையொன்று சுற்றிய முறுக்கு அது. வைக்கோற்பிரி திரிப்பவர் கையில் காண்பது போன்ற முறுக்குத்தான். உலகம் அதனைச் சென்னையின் மூவிழைச் சுருள் என்று கொண்டாடியது. மாட்டுத் தோலைத் தொட்டால் தீட்டு என்ற நாட்டில், அதே தோலின் புரதத்தைக் கண்ணாடிக் குழாயில் ஏந்திப் பேராசிரியர்கள் பெருமை பெற்றனர். இதனைக் குறையாகச் சொல்லவில்லை. குழாய்க்குள் சென்றவுடன் தீட்டு எங்கே போயிற்று என்றுதான் கேட்கத் தோன்றுகிறது. 1960இல் கொல்லாஜனைப் பற்றிய கருத்தரங்கு நாயுடம்மாவின் நிலையத்திலேயே நடைபெற்றது.

எண்ணெயைப் பற்றிக் கூறாமல் விடலாகாது. பதனிட்ட தோலைக் காயவைக்கும்போது நீர் வெளியேற, இழைகள் ஒட்டிக்கொள்ளப் பார்க்கும். எண்ணெயை நீரிற் கலக்குமாறு பக்குவம் செய்து தோலுக்குள் ஊட்டினால், அஃது இழைகளின்மேல் மெல்லிய போர்வையாகப் படிகிறது. இழுக்கும்போது ஒவ்வோர் இழையும் சற்றே நகர்ந்து பாரத்தைப் பக்கத்து இழையோடு பகிர்ந்துகொள்கிறது. தோல் கிழிவது குறைகிறது. குரோமியம் பிணைக்கிறது, எண்ணெய் நெகிழ்த்துகிறது. இரண்டும் கூடினாற்றான் நல்ல செருப்பு. பிணைப்பு மட்டும் மிகுந்தால் நொறுங்கும், நெகிழ்வு மட்டும் மிகுந்தால் தொய்யும். ஒவ்வொன்றிலும் எத்தனை பங்கு என்பதை நிறுத்து அளந்து தொழிலாளிக்குச் சொல்லித்தருவதே இத்தகைய ஆராய்ச்சி நிலையத்தின் வேலை.

அந்த வேலையை நாயுடம்மா ஆய்வுக்கூடத்துக்குள் அடைத்து வைக்கவில்லை. கல்கத்தா, கான்பூர், ஜலந்தர் முதலிய தோல் தொழில் நகரங்களில் நிலையத்தின் கிளைகள் இயங்கின. 1965இல் ஆராய்ச்சியாளரும் தொழில் நடத்துவோரும் ஆண்டுதோறும் கூடிப் பேசும் ஏற்பாடு தொடங்கிற்று; அக்கூட்டம் அவர் மறைவுக்குப் பின்னரும் தொடர்ந்து நடந்து வந்தது. தோல் மண்டிக்காரரின் சந்தேகத்துக்கு டாக்டர் பட்டம் பெற்றவர் நேரில் விடைசொல்வது அந்நாளிற் புதுமை. ஐக்கிய நாடுகளின் தொழில் வளர்ச்சி நிறுவனத்துக்கு ஆலோசகராகவும் அவர் பணியாற்றினார்.

நம் நாடு அதுவரை பாதி பதனிட்ட தோலையே பெரும்பாலும் கப்பலேற்றிக்கொண்டிருந்தது. அதைச் செம்மை செய்து செருப்பாக்கி விற்ற இலாபம் அயல்நாட்டாருக்குச் சென்றது. 1973இல் இந்திய அரசு பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதிக்கு வரம்பு விதித்து, முடிந்த தோலையும் தோற்பொருள்களையும் அனுப்புமாறு கொள்கையை மாற்றியது. அத்தொழில்நுட்பம் இங்கேயே கைவந்திராவிடில் அக்கொள்கை ஏட்டளவில் நின்றிருக்கும். ஆம்பூரும் வாணியம்பாடியும் இராணிப்பேட்டையும் காலணி ஊர்களாக உலகில் பெயர் பெற்றதில் அடையாற்று ஆய்வுக்கூடத்துக்கும் பங்குண்டு என்பது நம் துணிபு.

1971இல் அவர் விஞ்ஞானத் தொழில் ஆராய்ச்சிக் குழுவின் தலைமை இயக்குநராகத் தில்லி சென்றார். பத்மஸ்ரீ விருதும் அவ்வாண்டே கிடைத்தது. 1977 வரை அப்பதவியிலிருந்தார். நாட்டின் ஆய்வுக்கூடங்கள் அனைத்துக்கும் தலைவரான பின்னரும் கிராமத்தை அவர் மறக்கவில்லை என்பதற்கு ஆந்திரத்துக் கரீம்நகர் மாவட்டத் திட்டம் சான்று. ஒரு மாவட்டத்தை எடுத்துக்கொண்டு, அங்குள்ள மக்களின் தேவைக்கு விஞ்ஞானம் என்ன செய்ய இயலும் என்று பார்த்த முயற்சி அது. 1981–82இல் ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகச் சிறிது காலம் இருந்தார். அதன்பின் சென்னைக்கே திரும்பினார்.

1985ஆம் ஆண்டு ஜூன் 23ஆம் நாள், கனடாவிலிருந்து புறப்பட்ட ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானம், அயர்லாந்துக் கரைக்கு அப்பால் அட்லாண்டிக் கடலின் மேலே வெடிகுண்டால் தகர்ந்தது. அதிலிருந்த 329 பேரும் மாண்டனர். நாயுடம்மா அவர்களுள் ஒருவர். அவருக்கு அப்போது வயது 62.

வரலாறு இத்துடன் முடிந்திருந்தால் எழுதுவது எளிது. நம் சமூகத்து மலரில் எழுதும்போது கணக்கின் மறுபக்கத்தையும் பார்த்தாக வேண்டும்.

குரோமியம் முழுவதும் தோலில் தங்குவதில்லை. வழக்கமான முறையில் மூன்றில் ஒரு பங்கு வரை கழிவுநீரோடு போய்விடும். தோலைக் காக்க இட்ட உப்பும் அவ்வாறே. பாலாற்றுக் கரையில் நிலத்தடி நீர் கெட்டது. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996ஆம் ஆண்டு ஆகஸ்டு 28ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து, மாசுபடுத்தியவரே இழப்பீடு தரவேண்டும் என்னும் நெறியை நிலைநாட்டிற்று. மூலக்கூறு சிறிதாயிருப்பதால் தோலுக்குள் புகும் என்று மேலே எழுதினோம். அதே காரணத்தால் அது மண்ணுக்குள்ளும் கிணற்றுக்குள்ளும் புகும். 2015ஆம் ஆண்டு ஜனவரி 31ஆம் நாள் இராணிப்பேட்டையில் தோல் தொழிற்சாலைகளின் கழிவுச் சேற்றுத் தொட்டியின் சுவர் இடிந்து 10 தொழிலாளர் உறக்கத்திலேயே மாண்டனர். நாயுடம்மாவின் ஆய்வுக்கூடம் தோலின் மதிப்பை உயர்த்தியது உண்மை. தோலைத் தொடும் கையின் மதிப்பு அதே அளவுக்கு உயர்ந்ததா என்று கேட்டால், உயரவில்லை என்றே சொல்லவேண்டும்.

இத்தொழிலை விட்டு வெளியேறுவதா, இதனைக் கற்றுத் தலைமை ஏற்பதா என்னும் வினா நம்மிடையே பழையது. 1927இல் மகாடு மாநாட்டில் அண்ணல் அம்பேத்கர், இறந்த மாட்டின் இறைச்சியை உண்ணும் வழக்கத்தைக் கைவிடுமாறு மக்களை வேண்டினார். பிறப்பின் பெயரால் சுமத்தப்பட்ட வேலையை மறுப்பது விடுதலையின் முதற்படி. அதில் ஐயமில்லை. 2016 ஜூலையில் குஜராத்தின் ஊனா நகரில், இறந்த மாட்டின் தோலை உரித்தவர்களைக் கட்டிவைத்து அடித்தபின், அம்மாநிலத்தில் பலர் இனி மாட்டைத் தொடோம் என்று மறுத்து நின்றதும் அந்த வழியே. மறுத்தவர் பெற்ற மதிப்பை நாம் குறைத்துப் பேசோம். ஆனால் மறுத்துவிட்டு வெளியேறிய இடத்தில் வேறொருவர் நாற்காலி போட்டு அமர்ந்திருக்கிறார் என்பதையும் காண்கிறோம். தோலை உரித்தவன் பிள்ளை வெளியேறினான்; தோல் ஏற்றுமதி செய்பவன் பிள்ளை தோல் தொழில்நுட்பம் படிக்கிறான்.

சில ஆண்டுகளுக்கு முன் நம் பள்ளியில் தேர்ச்சி பெற்ற மாணவர் ஒருவருக்குக் கலந்தாய்வில் தோல் தொழில்நுட்பப் பட்டப்படிப்புக்கு இடம் கிடைக்கும் நிலை இருந்தது. மதிப்பெண் நல்லது; கணிதத்தில் கெட்டிக்காரர். தந்தையார் நாற்றுக்கட்டுச் சுமந்து பிள்ளையைப் படிக்கவைத்தவர். தோல் என்ற சொல்லைக் கேட்டதும் அவர் முகம் மாறிவிட்டது. அந்தச் சொல்லிலிருந்து தம் குடும்பத்தை விடுவிக்கவே தாம் மூன்று தலைமுறை பாடுபட்டதாகவும், பட்டச் சான்றிதழில் அதனை எழுதி வீட்டுச் சுவரில் மாட்டத் தம்மால் இயலாது என்றும் கூறினார். நாயுடம்மாவின் வரலாற்றை நாம் அவருக்கு எடுத்துச் சொன்னோம். பொறுமையாகக் கேட்டார். பிறகு, அந்தப் பெரியவர் தோலை விரும்பி எடுத்துக்கொண்டார், எங்கள் மீது அது சுமத்தப்பட்டது, இரண்டும் ஒன்றாகுமா என்று கேட்டார். நாம் மறுமொழி கூறவில்லை. அவர் கேட்டது நியாயமான கேள்வி. மாணவர் வேறு பொறியியற் பிரிவில் சேர்ந்து இப்போது ஓசூரில் வேலையிலிருக்கிறார், குடும்பம் நன்றாயிருக்கிறது.

எனினும் அடுத்த ஆண்டும் அதே செய்தியை மாணவர்களுக்குச் சொன்னோம், இனியும் சொல்வோம். சுமத்துவதற்காக அன்று, வேண்டுவோர் அறிந்து எடுத்துக்கொள்வதற்காக. சிறு மூலக்கூறுகளைக் கொண்டு பொருளின் வலிமையைக் கூட்டும் விஞ்ஞானம் தோலோடு நின்றுவிடவில்லை. கந்தகம் சேர்த்து ரப்பரை உறுதியாக்குவதும், நெகிழ்த்தும் பொருள் சேர்த்துப் பிளாஸ்டிக் குழாயை வளையச் செய்வதும் இதன் உடன்பிறப்புகளே. குரோமியம் இன்றிப் பதனிடும் வழிகளைத் தேடுவோருக்கு உலகெங்கும் தேவை இருக்கிறது. பாலாற்றின் துயரத்தைத் தம் உடலில் அறிந்த குடும்பங்களின் பிள்ளைகள் அத்தேடலில் இருந்தால் கேள்விகள் வேறுவகையாக எழும் என்று நம்புகிறோம்.

அண்ணா பல்கலைக்கழகத்தின் அழகப்பச் செட்டியார் தொழில்நுட்பக் கல்லூரியில், மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தின் துணையோடு, தோல் தொழில்நுட்பத்தில் பி.டெக். பட்டப்படிப்பு நடைபெறுகிறது. மேல்நிலை வகுப்பில் கணிதம், பௌதிகம், இரசாயனம் பயின்றவர்கள் தமிழ்நாடு பொறியியற் கலந்தாய்வு வழியாக அதில் சேரலாம். விண்ணப்பம் நிரப்ப உதவி வேண்டுவோருக்காகத் தேர்வு முடிவு வெளிவரும் வாரத்தில் மாலை ஐந்து மணிக்குமேல் சங்கத்தின் படிப்பகத்தில் நாம் இருப்போம். சாதிச் சான்றிதழையும் மதிப்பெண் பட்டியலையும் தவறாமல் எடுத்துவரவும். கூடுமானால் தந்தையாரையும் உடன் அழைத்து வரவும்.